குழந்தையை மல்லாக்கப் போடுங்கள்

ஜனவரி 9

அன்பு அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சௌக்கியம். மூன்று என்று எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? டாக்டரிடம் காட்டினாயா, இல்லை நீயே உனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு நர்ஸிங் வகுப்பில் நொண்டுகிறாயா? நர்ஸ் சொன்னால் நர்ஸ் கேட்கமாட்டாள் என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

பிரசவத்தைப் பற்றி போனில் பாதி சொன்னேன். மீதியை நீ சொல்லவிடவில்லை. "தையல் எத்தனை, ரத்தம் எவ்வளவு" என்று நீ கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாகிவிட்டது. ஹாஸ்டல் நாளிலிருந்து உனக்கு எழுதி முடித்தால்தான் ஒரு விஷயம் நிஜமாக நடந்த மாதிரி எனக்குத் தோன்றும். அதனால் எழுதுகிறேன்: நமக்கு ஒரு பெண் பிறந்திருக்கிறாள். தலை கொள்ளாத முடி. அழுதால் முகமெல்லாம் சிவந்துவிடுகிறது. இவர் 'தக்காளி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வருகிற மனிதர், வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் அவளைத் தூக்குகிறார். நான் கர்ப்பமானதும் விட்ட சிகரெட்டை இன்றுவரை தொடவில்லை.

வேடிக்கை கேள். பிரசவ வார்டில் இத்தனை வருஷமாக எத்தனையோ தாய்மார்களிடம் "குழந்தையை மல்லாக்கப் போடுங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லியிருக்கிறேன். என் பிள்ளையை முதல் முதலாகக் கட்டிலில் போட்டபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரியாகப் போட்டேனா என்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தேன். இவர் சிரிக்கிறார்.

நீ எப்போது வருவாய்?

உன் தங்கை

ஜனவரி 27

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். தக்காளிக்கு என் முத்தம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது.

பரீட்சை முடியாமல் இங்கிருந்து நகர முடியாது. இந்த மாதம் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு திடீர் சிசு மரணம் பாடம் நடத்துகிறேன். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, மேசைமேல் ஒரு கட்டிலை வைத்து, அதில் பொம்மையைக் குப்புறப் போட்டேன். தலைக்குக் கீழே தலையணை, பக்கத்தில் பஞ்சுக் கரடி, கழுத்துவரை கம்பளி, தலையில் குல்லா. "இந்தக் கட்டிலில் என்னென்ன தப்பு, கண்டுபிடியுங்கள்" என்றேன். ஒருத்தி ஆர்வத்தில் பொம்மையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிவிட்டாள். "முதல் தப்பு நீதாம்மா" என்றேன். வகுப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

உனக்குத் தெரியாததா. இருந்தாலும் அக்கா சொன்ன மாதிரி இருக்கட்டும்: தூங்கும்போதெல்லாம் மல்லாக்க. மெத்தை அழுத்தமாக இருக்கட்டும், கட்டிலில் வேறொன்றும் வேண்டாம். உங்கள் அறையிலேயே அவளும் படுக்கட்டும், ஆனால் தனிக் கட்டிலில். சோபாவில் அவளை வைத்துக்கொண்டு இருவரில் யாரும் கண் அசரக் கூடாது. உடம்பு வியர்க்கிற மாதிரி துணி சுற்றாதே. வீட்டுக்குள் புகை கூடாது. விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டு, கழுத்து உறுதிப்படும்.

இத்தனையும் செய்கிற வீட்டுக்குள் இந்தச் சாவு நுழையாது என்று சொல்லித்தான் நான் இந்தப் பாடத்தை எப்போதும் முடிப்பேன். பிள்ளைகள் அந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்வார்கள்.

ஒரு உதவி. அவள் தூங்கும்போது கட்டிலோடு சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பொம்மையைக் காட்டிக் காட்டி எனக்கு அலுத்துவிட்டது.

உன் அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நாத்தனாரின் கோபத்தைத் தவிர.

மாடி வீட்டில் இருக்கிற இவருடைய அக்காவை உனக்கு நினைவிருக்கும், தையல்காரர். தூங்காமல் கொள்ளாமல் உட்கார்ந்து தக்காளிக்கு ஒரு மெத்தை தைத்துக் கொண்டுவந்தார். உள்ளே பஞ்சு, ஓரமெல்லாம் சுருக்கு வைத்த தலையணை வரிசை, நாலு பக்கமும் குஞ்சம். பார்த்தால் கடையில் வாங்கியது போல இருந்தது. கையை வைத்தால் மணிக்கட்டுவரை உள்ளே போகிறது. நான் பக்குவமாகத்தான் சொன்னேன்: "அண்ணி, ரொம்ப அழகா இருக்கு. ஆனா இவ்வளவு மெத்துன்னு இருந்தா மூஞ்சி புதைஞ்சிடும், படுக்க வைக்கக் கூடாது." அவர் முகம் விழுந்துவிட்டது. தன் இரண்டு பிள்ளைகளும் பஞ்சு மெத்தையில் குப்புறப் படுத்துத்தான் வளர்ந்தார்கள், அவர்களுக்கு என்ன குறைச்சல் என்றார். பேச்சு வளர்வதற்குள் இவர் குறுக்கே வந்து, அந்த மெத்தையை விழித்திருக்கிற நேரத்தில் தரையில் விரித்து விளையாட வைக்கலாம் என்று சொல்லிச் சமாளித்தார். அவர் அரை மனதோடு மாடி ஏறினார். இரண்டு நாள் கீழே வரவில்லை.

பிறகு அவரே வந்து, தன் கையாலேயே அவளை மல்லாக்கப் போட்டுவிட்டு, "இப்படித்தானே நர்ஸம்மா?" என்றார். சமாதானம்.

படம் வைத்திருக்கிறேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, போலீஸ் பிடித்த திருடி மாதிரி படுத்திருக்கிறாள். இப்போதெல்லாம் ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

உன் தங்கை

மார்ச் 18

தங்கச்சிக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். நலமே. படத்தைப் பெரிதாக்கி வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டேன். அதன் கீழே கொட்டை எழுத்தில் 'சரியான முறை' என்று எழுதியிருக்கிறேன். முதல் வருஷப் பிள்ளைகள்கூட வந்து எட்டிப் பார்த்து "டீச்சர் வீட்டுப் பாப்பா" என்று கொஞ்சிவிட்டுப் போகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரீட்சை முடிந்ததும் புறப்பட்டு வருகிறேன். அவளுக்கு என்ன வேண்டுமென்று அவளையே கேட்டு எழுது.

அக்கா

ஏப்ரல் 21

என் தங்கச்சிக்கு,

நேற்று ஊர் வந்து சேர்ந்தேன். சுகமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் நம் வழக்கம். எழுதி அடித்துவிட்டேன். சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

உன்னை அப்படியே விட்டுவிட்டு வண்டி ஏறியது நெஞ்சை அறுக்கிறது. குழந்தையின் அடக்கம் முடிந்த பிறகு இன்னும் சில நாள் இருந்திருக்க வேண்டும். விடுப்புத் தரவில்லை.

பால் கட்டிக்கொண்டிருக்கும். வலி தாங்கவில்லை என்றால் மட்டும் கொஞ்சமாகப் பிழிந்து விடு, முழுக்கப் பிழியாதே. பிழியப் பிழிய ஊறும். ஈரத்துணி வைத்துக்கொள். ஜுரம் வந்தால் டாக்டரிடம் போ, உள்ளே வைத்துக்கொண்டு கிடக்காதே.

ஒன்றிரண்டு கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. தெரிந்துகொண்டால் உன் மனசுக்கும் ஒரு தெளிவு கிடைக்கும் என்றுதான். முந்தின நாள் சளி ஏதாவது இருந்ததா? அன்று காலை என்ன சட்டை போட்டிருந்தாள், மேலே ஏதாவது போர்த்தியிருந்தாயா? நாத்தனார் தைத்த அந்த மெத்தையை யாராவது மறுபடி கட்டிலில் போட்டார்களா? படுக்க வைத்தது நீயா, அவரா? பால் கொடுத்தபடியே நீ கொஞ்சம் அசந்துவிட்டாயா? மாப்பிள்ளை சிகரெட்டை மறுபடி தொட்டாரா? நினைவு வருகிறபோது எழுது. அவசரமில்லை.

உன் அக்கா

மே 15

தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போன் செய்தால் மாப்பிள்ளை எடுத்து, நீ படுத்திருக்கிறாய் என்கிறார். எப்போது செய்தாலும் படுத்திருக்கிறாய். என்மேல் கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது.

அக்கா

மே 30

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் உடல்நலத்தோடு இருக்க வேண்டும். இதுவரை நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் எழுந்து நடமாடுகிறாள். சொன்னால் சாப்பிடுகிறாள். நான் வேலைக்குப் போகும்போது மாடியிலிருந்து என் அக்கா வந்து கூட இருக்கிறாள்.

பிள்ளை போன அன்று வீட்டுக்குப் போலீஸ் வந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகும் ஒரு தடவை வந்தார்கள். அப்படி இறந்தால் வந்துதான் ஆக வேண்டுமாம். ஒரு பெண் அதிகாரியும் ஒரு ஆணும். கட்டிலைப் படம் எடுத்தார்கள், மெத்தை விரிப்பை எடுத்துக்கொண்டு போனார்கள், எல்லாவற்றையும் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவளும் ஒன்று விடாமல் பதில் சொன்னாள், வார்டில் டாக்டருக்குச் சொல்கிற மாதிரி. நான்தான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்து உங்கள் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அக்காவும் கேக்குறா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து போன் அடித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. நீங்கள் அவளுக்குத் தாய் மாதிரி. ஆனால் தயவுசெய்து இனிமேல் அவளிடம் எதையும் கேட்காதீர்கள்.

நான் சிகரெட்டைத் தொட்டேனா என்றும் கேட்டிருந்தீர்கள். அப்போது தொடவில்லை. இப்போது தொடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

ஜூன் 8

என் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை எழுதியிருந்தார். நீ இதைப் படிக்காமல் மடித்து வைத்தாலும் சரி, நான் எழுதியாக வேண்டும்.

நான் கேட்டது உனக்காக இல்லை. உனக்குத் தெளிவு கிடைக்கும் என்று எழுதியது பொய். எங்காவது ஒரு தலையணை, ஒரு போர்வை, யாரோ கொஞ்சம் கண் அசந்தது, ஏதாவது ஒன்று அகப்பட்டுவிட்டால், இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே நிற்கும். ஒன்றும் அகப்படவில்லை என்றால் நீ குற்றமில்லாதவளாக நிற்பாய். இரண்டில் நான் என் பாடத்தின் பக்கம் போய் நின்றுகொண்டேன். என் தங்கை ஒரு பக்கம் விழுந்து கிடந்தாள்.

இனி எதையும் கேட்க மாட்டேன். நீ எழுத வேண்டாம். மாதம் ஒரு தடவை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று உனக்குத் தெரிவதற்காக.

அக்கா

ஜூலை 20

அக்காவுக்கு,

கேட்க மாட்டேன் என்று எழுதிவிட்டாய். அதனால் சொல்கிறேன்.

சளி இல்லை. முந்தின நாள் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தாள். அன்று காலை பால் குடித்தாள், தோளில் போட்டு ஏப்பம் விடவைத்தேன், அப்படியே தூங்கிப்போனாள். மெல்லிய பருத்திச் சட்டை, போர்வை இல்லை. கட்டிலில் ஒன்றும் இல்லை. நான்தான் படுக்க வைத்தேன். மல்லாக்க. அவர் வேலைக்குப் போய்விட்டார், நாத்தனார் மாடியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அவளுடைய துணிகளைத் துவைத்துப் பால்கனியில் உலர்த்தினேன். நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், தூங்கினாள். துணி முழுக்க உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது, வைத்தது வைத்தபடியே இருந்தாள். கைகூட அதே மாதிரி தலைக்கு மேலே இருந்தது. நிறம்தான் மாறியிருந்தது. நான் ஒரு நர்ஸ், அக்கா. தொடுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயில் ஊதினேன், மார்பை இரண்டு விரலால் அழுத்தினேன், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து என் கையை எடுத்து விடுகிறவரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. இதயம் சரி, நுரையீரல் சரி, மூளை சரி, எல்லாம் சரி. காரணம் கண்டறிய இயலவில்லை என்று முடித்திருந்தார்கள். இவர் அதைப் படித்துவிட்டு, "ஒண்ணுமே இல்லன்னா எதுக்குடா செத்தா" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நீ ஊரிலிருந்து வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அறைக்குள் வந்தாய். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ முதலில் என்னைத் தொடவில்லை. உள்ளங்கையை மெத்தைமேல் வைத்து அழுத்திப் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டாய். நீ கட்டிக்கொண்டபோது என் கை எழவில்லை. அதற்குக் காரணம் துக்கம் என்று நீ நினைத்திருப்பாய்.

நாத்தனாரும் ஒன்று சொன்னார். சோற்றைப் பிசைந்து என் கையில் கொடுத்துக்கொண்டே, "குப்புறப் போட்டிருந்தா பிள்ள இருந்திருக்குமோ என்னவோ" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டே சொன்னார். அது தப்பு என்று எனக்குத் தெரியும், எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் அன்றிலிருந்து துணி உலர்த்தப் போனால் அந்த வாக்கியம் கூடவே வருகிறது.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். பெரிய சிஸ்டர் என்னைக் கண் வார்டுக்கு மாற்றுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த வேலை பிரசவ வார்டு வேலைதான். ஊசி போடுகிறேன், தையல் பார்க்கிறேன், பால் கொடுக்கக் கற்றுத்தருகிறேன். வீட்டுக்குப் போகிற தாய்மார்களுக்குக் குழந்தையைப் படுக்க வைக்கிற முறையைச் சொல்லும் நேரம் வந்தால் மட்டும் வாய் அடைத்துக்கொள்கிறது. எங்கள் வார்டில் 'குள்ளச்சி' என்று ஒரு நர்ஸ், நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்து நின்று அவளே சொல்லிவிடுகிறாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் கேட்கிறேன். நீ பாடத்தை எப்படி முடிக்கிறாய்?

உன் தங்கை

ஆகஸ்ட் 6

என் தங்கச்சிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் வெகு நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். மெத்தையை அழுத்தியது உண்மை. உள்ளங்கைக்கு அது அழுத்தமாக இருந்தது என்று தெரிந்த பிறகுதான் உன் பக்கம் திரும்பினேன். இப்போதாவது கேட்கிறேன், நீ சுகமா?

பாடத்தைப் பற்றிக் கேட்டாய். ஏப்ரலில் திரும்பி வந்ததும் சுவரிலிருந்த படத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் துணிவில்லை. அந்தப் பாடத்தையே அடுத்த ஆசிரியையிடம் தள்ளிவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பொம்மையும் கட்டிலும் வைத்து, எப்போதும் போல நடத்தினேன். கடைசியில் அந்தப் படத்தை மேசைமேல் வைத்தேன். "இது என் தங்கை பிள்ளை. இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா, பாருங்கள்" என்றேன். சுற்றி நின்று பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். "இந்தப் பிள்ளை இதே மாதிரி படுத்திருந்தபோது இறந்துபோனது" என்றேன்.

ஜன்னல் பக்கம் இருந்த ஒருத்தி, எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவள், எழுந்து நின்றாள். "அப்ப நாம இதை எதுக்கு டீச்சர் படிக்கிறோம்?" என்றாள். குரலில் திமிர் இல்லை. அழுகிற மாதிரி இருந்தது.

குழந்தைகளைக் குப்புறப் போட்ட காலத்தில் செத்ததில் பாதிகூட, மல்லாக்கப் போடத் தொடங்கிய பிறகு சாவதில்லை. ஆனால் குறைந்தது, நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. இதைத்தான் அவளிடம் சொன்னேன். சாவு நுழையாது என்று இத்தனை வருஷமாக முடித்துவந்த வரியைப் பலகையில் எழுதி, அவர்கள் முன்னாலேயே அடித்தேன். பழைய மாணவிகள் எத்தனை பேர் அதை எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருப்பார்களோ. அதை அடிக்க எனக்கு வழியில்லை.

புதிதாக ஒரு வகுப்பும் சேர்த்திருக்கிறேன். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு தாய் ஓடிவந்து, பிள்ளை போய்விட்டது என்றால் நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பது. விசாரணைக் கேள்விகள் கேட்கப்பட்டுத்தான் ஆக வேண்டும், அதைக் கேட்க ஆள் இருக்கிறது. நர்ஸ் முதலில் அவளை உட்கார வைக்க வேண்டும், பிள்ளையைத் துடைத்து அவள் மடியில் கொடுக்க வேண்டும், அவள் போதும் என்று சொல்கிறவரை பக்கத்திலிருக்க வேண்டும். இதை எங்கள் புத்தகம் சொல்லவில்லை. பால் கட்டிக்கொள்வதையும் சேர்த்தேன்.

நீ ஒரு நாள் வந்து என் பிள்ளைகளிடம் பேசுவாயா? நான் நூறு தடவை சொல்வதைவிட நீ ஒரு தடவை சொன்னால் போதும்.

உன் அக்கா

செப்டம்பர் 25

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்டிருந்தாய். இல்லை. ஆனால் தினமும் எழுந்து வேலைக்குப் போகிறேன். இவரும் போகிறார். சாயங்காலம் இரண்டு பேரும் டி.வி. முன்னால் உட்காருகிறோம், என்ன ஓடுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வகுப்புக்கு வர மாட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நின்று என் பிள்ளையின் சாவை விளக்க முடியாது. கோபம் இல்லை. முடியாது, அவ்வளவுதான். நீ சொல்கிறாயே, அது போதும்.

ஆனால் வார்டில் ஒன்று நடந்தது.

ஒரு பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேருந்தில் கண்டக்டர் வேலை பார்க்கிறவள். வார்டின் கடைசிக் கட்டிலுக்கும் கேட்கிற குரல். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். மாத்திரை கொடுத்தாலும் ஏன், ஜன்னலைச் சாத்தினாலும் ஏன். அன்று குள்ளச்சி வரவில்லை. பேச வேறு ஆள் இல்லை. மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு நான் போய் நின்றேன். குழந்தையை மல்லாக்கப் போடுங்க என்று ஆரம்பித்தேன். பால் கக்கினால் மூச்சடைக்காதா என்று கேட்டாள். அடைக்காது, மல்லாந்து இருக்கும்போதுதான் மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது, உணவுக்குழாய் கீழே இருக்கிறது என்று விளக்கினேன். அதை ஒப்புக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குப் பிள்ளை இருக்கா சிஸ்டர்?" என்றாள்.

"இருந்துச்சு" என்று வாயில் வந்துவிட்டது.

சுற்றியிருந்த கட்டில்களிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணித்தாள். "எப்படிப் படுக்க வச்சீங்க?"

"மல்லாக்கத்தான். எல்லாமே நான் உங்களுக்குச் சொல்ற மாதிரிதான். மூணு மாசத்துல தூக்கத்துலயே போயிட்டா. ஏன்னு யாருக்கும் தெரியல."

"அப்புறமும் எங்களுக்கு இதையே சொல்றீங்களே?"

"இப்படிப் போட்டா நிறையப் பிள்ளைங்க பொழைக்குதும்மா. என் பிள்ளை பொழைக்கல. எனக்கு இன்னொண்ணு பொறந்தாலும் இப்படித்தான் போடுவேன்."

நான் அதை நம்பித்தான் சொன்னேனா என்று பாதிச் சொல்லில் எனக்கே தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகு தெரிந்தது, நம்பித்தான் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் பெண்ணின் கணவர் போய்ப் புகார் கொடுத்துவிட்டார், பிள்ளை பெற்றவர்களை நர்ஸ் பயமுறுத்துகிறாள் என்று. பெரிய சிஸ்டர் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, "நீ சொன்னது உண்மைதான். ஆனா பிள்ளை பெத்து உடம்பு தேறாதவகிட்ட சொல்ற உண்மையா அது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பெண்ணாகத்தான் கேட்டாள், நானாகச் சொல்லப் போகவில்லை என்றேன். கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சை விட்டுவிடு, மற்ற வேலையைப் பார் என்றார். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

கண்டக்டர் பெண் வீட்டுக்குப் போகிற நாள், என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று அடம் பிடித்தாள். போனேன். பையெல்லாம் கட்டி வைத்திருந்தாள். குழந்தை மட்டும் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆண் குழந்தை. மல்லாந்து, கழுத்தில் ஒன்றும் இல்லாமல், பக்கத்தில் ஒன்றும் இல்லாமல். அவளே போட்டிருக்கிறாள்.

"சரியா இருக்கா பாருங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அத்தனை கிட்டத்தில் தூங்குகிற ஒரு பிள்ளையின் முகத்தை ஏப்ரலுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறி இறங்கியது.

"சரியா இருக்கு."

"இனி பயப்பட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர்."

சொல்லியிருக்கலாம். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அன்று வரவில்லை. "படுக்க வச்சது சரியா இருக்கு. அது மட்டுந்தாம்மா எனக்குத் தெரியும்" என்றேன். அவள் என் மணிக்கட்டை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் அந்தக் கட்டிலின் விரிப்பை உருவினேன், ரப்பர் ஷீட்டைத் துடைத்தேன், வேறு விரிப்புப் போட்டேன். மூலையை மடித்து முடிப்பதற்குள் அடுத்த தாயை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பின்னாலேயே பெரிய சிஸ்டர் வந்தார். நான் கண்டக்டர் பெண்ணிடம் பேசியதை வாசலில் நின்று கேட்டிருக்கிறார் போல. என் பக்கம் திரும்பாமலே, "இவங்ககிட்ட நான் பேசட்டுமா, நீ பேசுறியா?" என்றார்.

நான் பேசுகிறேன் என்றேன். இரண்டு இடத்தில் நின்று தண்ணீர் குடித்தேன். ஆனால் கடைசிவரை பேசினேன் அக்கா.

உன் தங்கை